இந்தியாவுக்குப் போன ஏழாம் நம்பர்

வேலாயிக்குப் பொறாமை கிடையாது என்று யாராவது சொன்னால், அவர்கள் கூம்புமலைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிந்தால் இவளுக்கு மூக்கு எரியும். பக்கத்து நிரைக்காரி இரண்டு றாத்தல் கொழுந்து கூட எடுத்துவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. கேட்டால், "எனக்கென்ன பொறாமை? நாயத்தைத்தான் கேக்குறேன்" என்பாள். நியாயம் என்ற சொல்லை அவளைப் போலப் போட்டுத் தேய்த்தவர்கள் பசறை வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவள் வயிறெரிந்த விஷயங்களில் பாதிக்காவது நியாயம் இருந்தது.

பெயரிலேயே அவளுக்கு அநியாயம் நடந்திருந்தது. பன்னிரண்டு வயதில் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்றபோது, கிளாக்கர் ஐயா செக்ரோலைப் புரட்டினார். தோட்டத்து ஆட்களின் பெயரெல்லாம் இருக்கிற புத்தகம் அது. "ஏற்கெனவே மூணு வேலாயி இருக்கு. நாலாவது ஒண்ணு வந்தா எனக்குக் கண்ணைக் கட்டும்" என்று சொல்லி, ராமாயி என்று எழுதிவிட்டார். அம்மா வைத்த பெயர் லயத்து வீட்டுக்குள்ளே கிடந்தது. ஆபீஸ் சம்பந்தப்பட்ட இடத்திலெல்லாம் அவள் ராமாயி. சம்பள நாளில் "ராமாயி!" என்று கூப்பிட்டால், ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பாள். பிறகுதான் கையை நீட்டுவாள்.

அவளை வேலாயி என்று முதன்முதலில் எழுதிவைத்தவர் தம்பையா முதலாளி. பசறைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர். 1969ஆம் ஆண்டு அவருக்கு ஒரு யோசனை வந்தது. 'ஊவா ஆனந்தப் பிரயாணச் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். மாதாமாதம் சந்தா கட்டினால் வருஷத்துக்கு ஒரு முறை மூன்று நாள் பயணம். சேர்ந்தவர்களுக்கு நம்பர் அடித்த ஒரு தகர வில்லை. வேலாயிக்குக் கிடைத்தது ஏழு. நம்பர் வரிசைப்படிதான் சீட். ஏழாவது சீட் டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம்.

"என்ன பேரும்மா?" என்று முதலாளி கேட்டார்.

"செக்ரோல் பேரா, ஊட்டுப் பேரா?"

"ஒன்னைய ஒங்கம்மா எப்புடிக் கூப்புட்டா?"

"வேலாயிங்க."

"அப்ப அதுதான் பேரு" என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவள் தோட்டத்துக்குத் திரும்பி வந்த நடையைப் பார்த்து, "என்னடி, துரைச்சாணி கணக்கா வர்றே?" என்று பெரியாயி கேட்டாளாம். பெரியாயி அடுத்த வீட்டுக்காரி. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

முதல் பயணம் திருகோணமலைக்கு. பசறை பஸ் நிலையத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதலாளி தேங்காயை ஓங்கித் தரையில் அடித்தார். உடையாமல் உருண்டு ஓடியது. எடுத்து இன்னொரு தரம் அடித்தார். அதற்கும் அசையவில்லை. எல்லார் முகமும் கறுத்துவிட்டது. கதிர்காமத்து வேலனே வந்து தடுத்தது போல ஆளாளுக்கு முனக ஆரம்பித்தார்கள். வேலாயிக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் அவர் கையிலிருந்து தேங்காயைப் பிடுங்கி ஒரே போடு போட்டாள். நாலு சில்லாகச் சிதறியது. "பொம்பளை சிதறுகாய் ஒடைக்கிறதா?" என்று ஒரு கிழவர் இழுத்தார். முதலாளி சிரித்துவிட்டு, "ராசிக் கைக்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? இனிமே வருசா வருசம் ஏழாம் நம்பர்தான் ஒடைக்கணும்" என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பதினோரு வருஷம் பேசினாள். வாழையிலையில் கட்டின புளிச்சோறு, ஆளுக்கு இரண்டு வடை. முதலாளியே அண்டாவைத் தூக்கிக்கொண்டு, "இன்னொரு கை வைக்கட்டுமா?" என்று சீட் சீட்டாக வந்தார். மடத்தில் படுக்கப் புதுப் பாய், கோரை வாசம் போகாத பாய். கோணேசர் கோயில் மலையில் நின்று கடலைப் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற முதலாளியிடம் அவள் கேட்டது இதுதான்: "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?" முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவளைக் கண்டதும் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்.

இப்படி ஆறேழு வருஷம் ராஜபோகம். அப்புறம் முதலாளிக்குச் சர்க்கரை வியாதி வந்தது, கண்ணும் மங்கியது. சங்கம் மருமகப்பிள்ளை கைக்குப் போயிற்று.

மருமகப்பிள்ளை படித்தவர். படித்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். முதல் வருஷம் வடை இரண்டு ஒன்றானது. அடுத்த வருஷம் புளிச்சோறு போய்ப் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வந்தது. அதற்கடுத்த வருஷம் வந்த பஸ்ஸுக்கு மழை வெளியே ஒரு மடங்கு, உள்ளே இரண்டு மடங்கு. தேங்காய் விற்கிற விலையில் சிதறுகாய் எதற்கு என்று எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். அதையும் பாதியாக நறுக்கித்தான் வைத்தார்கள், அட பாவமே! கடைசியில் திருகோணமலையே போய்விட்டது. 'இயற்கைக் காட்சிப் பயணம்' என்று கொஸ்லந்தைப் பக்கம் தியலும நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போய்ச் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

"கொஸ்லந்தையில எங்க நாத்தனா ஊட்டு வாசல்ல நின்னா தெரியுற தண்ணிக்கு நான் சந்தா கட்டணுமா?" என்று வேலாயி பஸ்ஸுக்குள்ளேயே கத்தினாள். மற்றவர்களும் கத்தினார்கள். ஆனாலும் அடுத்த மாதம் எல்லாருமே போய்ச் சந்தாவைக் கட்டினார்கள். வேலாயியும் கட்டினாள். ஏழாவது சீட்டை விட மனம் வரவில்லை.

1980இல் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வேன் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்றியது. புதிதாகச் சங்கத்தில் சேருகிறவர்களுக்குச் சிவப்புப் பூப்போட்ட பிளாஸ்க் ஒன்று இலவசம், முதல் பயணத்தில் முன் சீட்டும் உண்டு என்று முழங்கியது. வேலாயி கையில் வெங்காயத்தோடு நின்று கேட்டாள். பழைய ஆட்களுக்கு என்ன என்று வேன் சொல்லும் என்று மூன்று சுற்று வரைக்கும் காத்திருந்தாள். வேன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றைக்குப் போய்ச் சேர்ந்தவள் யார் என்கிறீர்கள்? பெரியாயி! பதினோரு வருஷமாக, "பஸ்ஸுல ஏறி வாந்தி எடுக்குறதுக்கு மாசாமாசம் சந்தாவா?" என்று வேலாயியை நக்கலடித்த அதே பெரியாயி. அடுத்த பயணத்தில் அவள் ஏழாவது சீட்டில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்க்கோடு. வேலாயிக்குக் கிடைத்தது பின் சக்கரத்துக்கு மேலே. ஒவ்வொரு குழிக்கும் அவள் தலை கூரையில் இடித்தது.

அதோடு விட்டாளா பெரியாயி? மலையில் கொழுந்து எடுக்கிறபோது தேத்தண்ணி நேரம் வந்தால் போதும். வேலாயிக்கு எதிரே ஒரு கல்லில் சம்மணம் போட்டு உட்காருவாள். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றுவாள். "அய்யோ, சூடு! நாக்கு வெந்துரும் போல" என்று உஸ் உஸ்ஸென்று ஊதி ஊதிக் குடிப்பாள். வேலாயியின் போத்தலில் இருந்த தேத்தண்ணி காலை ஆறு மணிக்கு ஊற்றியது, பச்சைத் தண்ணியாகக் கிடக்கும். வயிற்றெரிச்சல் என்றால் இப்படி அப்படி இல்லை. அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

ஒருநாள் பாதி நாள் கூலி போதும் என்று அரைப்பேரோடு வேலையை விட்டுவிட்டுப் பசறைக்கு இறங்கினாள். சங்க ஆபீசில் ஏழாம் நம்பர் வில்லையை மேசையில் வைத்தாள்.

"பதினோரு வருசமா கட்டுறேனுங்க. எனக்கு எங்கங்க பிளாஸ்க்கு?"

மருமகப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது புது ஆளுகளுக்கு."

"பழைய ஆளு என்ன பாவம் செஞ்சோம்?"

"பழைய ஆளுகதான் எப்பிடியும் வருவீங்களே" என்றார்.

அந்த வார்த்தை வேலாயிக்குச் சுருக்கென்று குத்தியது. எப்படியும் வருவோமாம்! கட்டிப் போட்ட மாட்டுக்குப் புல் எதற்கு என்கிற கதைதான். வில்லையை எடுத்துக்கொண்டு வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தவளுக்கு, தோட்டத்து முடக்கில் திரும்பும்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. புது ஆளுக்குத்தானே பிளாஸ்க்? அவளிடம் இன்னொரு ஆள் சும்மா கிடக்கிறாளே! செக்ரோலில் இருக்கிற ராமாயி!

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, மாதம் தவறாமல் யாராவது இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடுதாசி வரும், பாஸ்போர்ட் வரும், பதுளை ஸ்டேஷனில் அழுகை கேட்கும். பிறகு வீடு பூட்டிக் கிடக்கும். போனவர்களைப் பற்றி எந்த ஆபீசும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு வேலாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மருமகப்பிள்ளை இல்லாத நேரம் பார்த்துச் சங்க ஆபீசுக்குப் போனாள். இருந்த கிளாக்கர் புது ஆள்.

"ஏழாம் நம்பர் வேலாயி கப்பலேறிட்டாங்க. வில்லையைக் குடுத்துறச் சொல்லிட்டுப் போச்சு. நான் அவுக தங்கச்சி, ராமாயி. என்னைப் புதுசாச் சேத்துக்கங்க."

கிளாக்கர் வேலாயியின் பெயருக்கு மேலே கோடு போட்டு, 'இந்தியா' என்று எழுதினார். கீழே வேலாயி கைநாட்டு வைத்தாள். பிளாஸ்க் கைக்கு வந்தது. சிவப்புப் பூ அல்ல, நீலப் பூ. பெரியாயியிடம் நீலம் கிடையாது! அந்த ஒன்றுக்காகவே செய்தது சரி என்று அவளுக்குப் பட்டது.

புருஷன் கந்தப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "யாராச்சும் கேட்டா என்னா புள்ள சொல்லுவே?" என்று மட்டும் கேட்டான்.

"பாதித் தோட்டம் போயிருச்சு. ஒருத்தி போனதை எவன் எண்ணப் போறான்?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மறுநாள் மலைக்குப் புறப்படும்போது கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். ஆட்டிப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு கலகலக்கிறது. அய்யோ என்று கொட்டிக் கழுவி, கண்ணாடியை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் டப்பாவில் வடிகட்டின தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு போனாள். போகாமல் இருக்க முடியுமா? தேத்தண்ணி நேரத்தில் பெரியாயிக்கு எதிரே கல்லில் உட்கார்ந்து மூடியில் ஊற்றினாள். ஜில்லென்று இருந்தது. "அப்பா, என்னா சூடு!" என்று ஊதினாள். எதிரே பெரியாயியும் ஊதினாள். பனி இறங்கிக் கிடந்த மலை அது. கங்காணி வாயைத் திறந்தாலே புகை வரும் குளிர். ஆனால் பெரியாயியின் மூடியிலிருந்து ஓர் இழை ஆவிகூட வரவில்லை. வேலாயி உற்றுப் பார்த்தாள். பெரியாயியும் வேலாயியின் மூடியை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளாக அந்தச் சண்டாளி பச்சைத் தண்ணியைத்தான் ஊதியிருக்கிறாள்! கங்காணி விசில் அடிக்கும் வரைக்கும் இரண்டு பேரும் விடாமல் ஊதினார்கள்.

இதற்கிடையில் சங்கம் இன்னொரு ஆசையைக் கிளப்பியது. இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால், காலியான பழைய நம்பர் ஒன்றைக் கொடுப்பார்களாம். பெரியாயி தன் மருமகளையும் கொழுந்தனையும் சேர்த்துவிட்டு வில்லை வாங்கி வந்தாள். ஏழு! பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏ வேலாயி, இந்தியா எப்புடியிருக்கு? அங்கிட்டு மழை பெய்யுதா?"

வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஆபீசில் போய் நியாயம் கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை. கேட்க வேண்டியவள் கப்பலேறிப் போய்விட்டாள்.

மார்கழியில் மறுபடி வேன் வந்தது. இந்த முறை அது முழங்கவில்லை, சாதாரணமாகத்தான் பேசியது. தம்பையா முதலாளிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நடந்திருக்கிறது. சங்கம் சீரழிந்து போன கதை காதுக்குப் போய் மனது கேட்காமல், தன் சொந்தச் செலவில் ஒரு பயணம் கூட்டிப் போகப்போகிறார். ஒன்று முதல் பத்து வரை வில்லை வைத்திருப்பவர்கள் மட்டும். திருகோணமலை, கோணேசர் கோயில், கடல். புளிச்சோறு, வடை, புதுப் பாய், எல்லாமே பழைய மாதிரி. அடுத்த வெள்ளி காலை பஸ் கிளம்பும்.

வேலாயி சந்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து சங்க ஆபீசுக்கு ஓடினாள். "நாந்தாங்க வேலாயி! பொய் சொல்லிட்டேங்க!" என்று மருமகப்பிள்ளையிடம் அழுதே விட்டாள். அவர் புத்தகத்தைத் திறந்து கோடு போட்ட இடத்தையும் கைநாட்டையும் காட்டினார். "வேலாயி இந்தியாவுல. நீ ராமாயின்னு நீயே கைநாட்டு வச்சிருக்கே. வில்லை யார்கிட்ட இருக்கோ அவங்கதான் போக முடியும்." அப்புறம் சிரித்தார். "இன்னைக்கி வேலாயிங்கிறே, நாளைக்கி யாருன்னு சொல்லுவே?"

பெரியாயியிடமும் போனாள். அவள் வாழ்க்கையிலேயே பெரியாயி வாசலில் போய் நின்று கேட்டது அந்த ஒரு நாள்தான். "வில்லையைக் குடுத்துரு பெரியாயி. என் பிளாஸ்க்கை எடுத்துக்க."

"ஒடைஞ்ச பிளாஸ்க்கா?" என்றாள் பெரியாயி. "எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு." கொஞ்சநேரம் வேலாயியைப் பார்த்தாள். "பதினோரு வருசம் நீ கடலைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தே. நான் ஒரு தடவையாச்சும் பாத்திருக்கேனா? சொவரு வழியா நீ பேசுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிஞ்சது ஒனக்குத் தெரியுமா?"

வேலாயிக்குத் தெரியாது. தன் வயிறு எரிந்த சூட்டில் அடுத்த வயிறு எரிந்தது அவளுக்கு எங்கே தெரியும்?

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. முதலாளி. புத்தகம் என்ன சொன்னால் என்ன, வில்லை யாரிடம் இருந்தால் என்ன? அவர் தன்னைக் கண்டால் போதும். 'இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு' என்று சிரித்துக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு பசறை பஸ் நிலையத்துக்குப் போனாள். நல்ல பஸ், புது டயர். சக்கரத்துக்கடியில் நாலு முழு எலுமிச்சம்பழம். புளிச்சோற்று வாசம் தெரு முழுக்க. ஜன்னலோரம் பெரியாயி தலை வாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். மருமகப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு தம்பையா முதலாளி மெதுவாக நடந்து வந்தார். ஒரு கண்ணில் வெள்ளைத் துணிக் கட்டு. மற்றக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பஸ்ஸின் நெற்றியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் நின்றார்.

"தேங்காய் எங்க?" என்றார். "ஏழாம் நம்பரைக் கூப்புடுங்க. வேலாயி எங்க?"

மருமகப்பிள்ளை, "அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்க மாமா" என்றார்.

"போயிட்டாளா?" என்றார் முதலாளி. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவளை நம்பித்தானே மறுபடி கடலுக்குக் கெளம்பினேன்." தேங்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். "சரி, அவ வில்லை யார்கிட்ட இருக்கோ அவங்க அவ பேரைச் சொல்லி ஒடைக்கட்டும்."

பெரியாயி இறங்கி வந்து தேங்காயை வாங்கினாள். அதற்கு மேல் வேலாயியால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனாள்.

"மொதலாளி! நாந்தாங்க! வேலாயிங்க!"

முதலாளி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. கையை நீட்டி, "யாரும்மா? அவ கொரல் மாதிரியே இருக்கே?" என்றார்.

வேலாயி பதில் சொல்ல மூச்சை இழுத்தாள். அதற்குள் பெரியாயி முந்திக்கொண்டாள்.

"அது அவ தங்கச்சிங்க மொதலாளி. ராமாயி. அக்காவை நெனச்சு அழுவுது."

"ஆமா மாமா, புத்தகத்துலயும் அப்பிடித்தான் இருக்கு" என்றார் மருமகப்பிள்ளை.

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். செக்ரோலில் அவள் ராமாயிதான் என்று அவர்களுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியாயி தேங்காயை ஓங்கிப் போட்டாள். முதல் அடியிலேயே நாலாகச் சிதறியது. ஒரு சில்லு வேலாயியின் காலடியில் வந்து விழுந்தது.

முதலாளி தடவிக்கொண்டே வேலாயியின் அருகில் வந்தார். அவள் தலையில் கையை வைத்தார்.

"அழாதேம்மா ராமாயி. அக்காவுக்குக் கடுதாசி போடுவீல்ல? போடுறப்ப, மொதலாளி ரொம்ப விசாரிச்சாருன்னு எழுது. கடலைப் பாத்தா அவளைத்தான் நெனைப்பாருன்னு எழுது."

வேலாயி பஸ் ஜன்னலைப் பார்த்தாள். பெரியாயி சீட்டில் ஏறி உட்கார்ந்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மொதலாளி" என்றாள் வேலாயி. "எழுதுறேனுங்க."